புதிய ரவுட்டர் வாங்கினால் பிங் குறையுமா? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

புதிய ரவுட்டரை மாட்டிய அன்று வேகச் சோதனையில் எண் இரண்டு மடங்காகியிருந்தது. எனக்கு ஏகப் பெருமை. இரவு ஒன்பது மணிக்குத் தம்பியின் அறையிலிருந்து பழைய கத்தல்தான் கேட்டது. இணைய விளையாட்டில் அவன் சுட்ட குண்டு பாய்வதற்குள் அவனே செத்துக் கிடந்தான். நான்கு ஆன்டெனா வைத்த பெட்டி அலமாரி மேல் விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தது.

விநாடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது வேகம். ஒரு சிறு தரவுப் பொட்டலம் சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பது பிங். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 1 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு ஒரு மெகாபிட்) கூடத் தேவைப்படாது. ஆகவே வேகத்தைக் கூட்டிப் பிங்கைக் குறைக்க நினைப்பது வீண். முதலில் தாமதம் எங்கே உண்டாகிறது என்று பாருங்கள்.

முதல் படி: இரண்டு பிங்

கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1) மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் அனுப்புங்கள் (ஆங்கிலத்தில் ping, ஓர் இடைவெளி, பிறகு முகவரி). விண்டோஸில் நான்கே முறை அனுப்பிவிட்டு நின்றுவிடும். கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி, சிறு கோடு, ஆங்கில எழுத்து டி சேர்த்தால் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் விடுங்கள். கவர்ச்சியான முள் சுழலும் வேகச் சோதனைத் தளங்களைவிட இந்தக் கறுப்புச் சாளரத்தைத்தான் நான் நம்புகிறேன்.

ரவுட்டருக்கான எண்ணே 3, 4, 120, 5, 90 மில்லி விநாடி என்று துள்ளினால் கோளாறு வைஃபையில். அது அசையாமல் இருக்க வெளி எண் மட்டும் துள்ளினால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள், மூன்றாம் படிக்குப் போங்கள். விளையாட்டு காட்டும் பிங் துள்ளாமல், ஆனால் எப்போதும் பெரியதாகவே இருந்தால் பெரும்பாலும் தூரம்தான் காரணம். கண்ணாடி இழையில் ஒளி மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். 3000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வரவே 30 மில்லி விநாடி. எந்த ரவுட்டரும் அதைக் குறைக்காது. விளையாட்டின் அமைப்பில் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: கம்பி

ரவுட்டருக்கான பிங் துள்ளுகிறதா? கேபிள் இழுங்கள். நகராத கணினியை வைஃபையில் வைத்து விளையாடுவது எனக்குப் புரியாத பிடிவாதம். கேபிள் போட்டும் வேகம் சரியாக 100 எம்.பி.பி.எஸ்.-க்குக் கீழே முட்டி நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்: கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வேகத்துக்கு உள்ளேயுள்ள எட்டுக் கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும்.

கேபிளுக்கு வழியில்லையென்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்து வீடுகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் நெருக்குகின்றன. வைஃபை 6 ரவுட்டர் பல கருவிகள் உள்ள வீட்டில் உதவும். ஆனால் வைஃபை 5 மட்டுமே தெரிந்த பழைய மடிக்கணினி அதனோடும் வைஃபை 5-இல்தான் பேசும்.

மூன்றாம் படி: வரிசை

என்னை ஒரு வாரம் அலையவைத்தது இதுதான். வெளி பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைப் பதிவேற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 20 இருந்த எண் 400-ஐத் தாண்டியது. ஒன்பது மணிக்கு அம்மா கைபேசியைச் சார்ஜில் போடுவார். அன்றைய படங்களெல்லாம் தாமாக மேலேறத் தொடங்கும். தம்பியின் பொட்டலங்கள் அந்தப் படங்களின் பின்னால் மோடத்தில் வரிசையில் நின்றிருக்கின்றன. இந்த நோய்க்கு 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் வைத்த பெயர் பஃபர்புளோட்.

மருந்து எஸ்.க்யூ.எம். என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் உள்ள ரவுட்டர்களில் அதை நிறுவிக்கொள்ளலாம். அதிலுள்ள வரிசை முறைகளில் நான் கேக் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டுக்கும் உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 முதல் 95 விழுக்காடு வரை எழுத வேண்டும். சற்றுக் குறைத்துக் கொடுத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே நிற்கும். யாரை முன்னே விடுவது என்று அது முடிவுசெய்யும்.

என் இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். ஆகவே 90 என்று எழுதிச் சேமித்தேன். அவ்வளவுதான், ஒரு பக்கமும் திறக்கவில்லை. ரவுட்டரை இரண்டு முறை தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினேன், இரண்டு முறையும் அதே 90. மூன்றாம் முறைதான் கட்டத்தின் அருகிலுள்ள சிறிய எழுத்து கண்ணில் பட்டது: அலகு கிலோபிட். வீடு முழுவதையும் 90 கிலோபிட்டில் அடைத்திருக்கிறேன். எழுத வேண்டியது 90000. அதன்பிறகு அம்மாவின் படங்கள் ஏறும்போதும் பிங் 30-ஐத் தாண்டவில்லை.

சில ரவுட்டர்களில் 'கேமிங் மோடு' என்றொரு பொத்தான் இருக்கிறது. வேக வரம்பைக் கேட்காத அத்தகைய பொத்தானை நான் பொருட்படுத்துவதில்லை.

பின்சேர்க்கை: எஸ்.க்யூ.எம். போட்ட பிறகு 500 எம்.பி.பி.எஸ். இணைப்பு 180-க்கு இறங்கிவிட்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு பொட்டலத்தையும் ரவுட்டரின் செயலியே கையாள்கிறது. பலவீனமான செயலி திணறும். வேகமான இணைப்பு இருந்தால், புதிய ரவுட்டர் வாங்கும்போது ஆன்டெனாக்களை எண்ணாமல் செயலியைப் பாருங்கள். இன்னொருவருக்கு எல்லாம் சரியாக எழுதியும் பிங் அசையவில்லை. அவருடைய ரவுட்டரில் 'ஹார்டுவேர் ஆஃப்லோடிங்' இயங்கிக்கொண்டிருந்தது, பொட்டலங்கள் எஸ்.க்யூ.எம்.மைத் தொடாமலே குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தன. அதை அணைத்ததும் சரியாகிவிட்டது.