பினாங்கில் நாலு மணி நேரத் தூண்டில் பயணம்: கடற்புல் மேட்டுக்குப் போகிறவர்களுக்கு

அரைநாள் படகு எடுத்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் லீவு நாளைப் பார்க்கிறார்கள், அப்புறம் தெக்கோங்கை, அதாவது படகோட்டியை, கூப்பிட்டுப் படகு சொல்கிறார்கள், அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்ற கேள்வி படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இது சரியாக இருக்கலாம். கடற்புல் மேட்டுக்கு ஒத்தே வராது. அங்கே தண்ணீரின் ஏற்றமும் வற்றமும்தான் எல்லாம், நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ரீலின் விலை இரண்டாம் பட்சம். நாலு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் நாளையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தீவுக்கும் செபராங் பிறைக்கும் நடுவில் ஓடும் நீரிணையில், 1985ல் திறந்த முதல் பாலத்துக்குப் பக்கத்தில், ஜெலுத்தோங் கரைக்கு எதிரே மிடல் பேங்க் என்று ஒரு மேடு இருக்கிறது. பெரிய வற்றத்தில் அதன் முதுகு வெளியே தெரியும், மற்ற நேரத்தில் ஆழமில்லாத தண்ணீருக்குள் மறைந்திருக்கும். அந்த மேட்டில்தான் கடற்புல் வளர்கிறது. பலர் அதைப் பாசி என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. வேர் விட்டு, பூ பூத்து, காய் காய்க்கிற நிஜமான செடி. நாடா மாதிரி நீளமாக ஆடுகிற இலை ஒரு வகை, சின்ன முட்டை வடிவ இலை ஜோடி ஜோடியாக மண்ணோடு படர்ந்து கிடப்பது இன்னொரு வகை. இந்த இலைகளுக்குள் இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பொடி மடவை எல்லாம் ஒளிந்துகொள்ளும். அவற்றைத் தேடித்தான் கொடுவா, களவா, ஊளி எல்லாம் புல்லின் விளிம்புக்கு வருகின்றன. புல்லின் நடுவில் பெரிய மீன் நின்று காத்திருக்காது, ஓரத்தில் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் படகை எங்கே நிறுத்துவது, எங்கே வீசுவது என்பது தன்னால் புரிந்துவிடும்.

சரி, நாள் பார்ப்பது எப்படி? வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒன்றிரண்டு நாளில், அதாவது பிரதமை, துவிதியை வாக்கில், ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். நீரிணையில் ஓட்டம் பலமாகி, சேறு கலங்கி, தக்கை போட்ட இடத்தில் நிற்காமல் ஓடிவிடும், வற்றத்தில் படகு மேட்டில் தட்டவும் செய்யும். அஷ்டமி முதல் தசமி வரை இதற்கு நேர்மாறு, தண்ணீர் நகரவே நகராது, மலாய்க்காரர்கள் ஆயிர் மாத்தி என்பார்கள். இரண்டும் வேண்டாம். எனக்குப் பிடித்தது சதுர்த்தியிலிருந்து சஷ்டி வரை, இல்லையென்றால் துவாதசி, திரயோதசி. ஓட்டம் இருக்கும், ஆனால் ஈயக்குண்டைப் பிடுங்கிக்கொண்டு போகாது.

நாளுக்கு அப்புறம் மணி. பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். கடற்படையின் நீர்வரைவியல் மையமும் நில அளவைத் துறையான ஜூபெமும் வெளியிடுகிற ஏற்ற இறக்க அட்டவணை இருக்கிறது, போனில் இருக்கிற ஆப்களும் பரவாயில்லை. அதில் பினாங்கைப் பார்த்து, வற்றம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் உங்கள் பயணத்தின் நடுவில் விழ வேண்டும். காலை ஒன்பதுக்கு வற்றம் என்றால் ஏழேகாலுக்குப் படகு கிளம்பட்டும். முதல் ஒன்றரை மணி நேரம், வடிகிற தண்ணீரோடு இறாலும் பொடி மீனும் மேட்டிலிருந்து ஓடை ஓடையாக இறங்கி வரும். அந்த ஓடை வாய்களில் தூண்டில் போடலாம். தண்ணீர் நிற்கும்போது டீ குடிக்கலாம். திரும்ப ஏறத் தொடங்கியதும் மீன்கள் புல்லை நோக்கி மேலே வரும், நீங்களும் படகோடு மெல்ல மெல்ல மேலே வரலாம். இந்த முதல் இரண்டு மணி நேர ஏற்றம்தான் மொத்தப் பயணத்திலும் சிறந்த பகுதி, அதற்கு முன்பே கரைக்குத் திரும்புகிற மாதிரி படகு சொல்லிவிடாதீர்கள்.

இப்போது தெக்கோங்கைத் தேட வேண்டும். ஜெலுத்தோங், பத்து உபான், பத்து மாவுங் பக்கம் மீனவர் ஜெட்டிகளில் கேட்டாலே ஆள் கிடைக்கும், தூண்டில் சாமான் கடைக்காரர்களும் நம்பர் தருவார்கள். போன் போட்டதும் விலை கேட்காதீர்கள். "அண்ணே, அடுத்த சனிக்கிழமை புல்லு ஓரம் போடத் தண்ணி நல்லா இருக்குமா?" என்று கேளுங்கள், மலாய்க்காரராக இருந்தால் "ஹாரி சப்து ஆயிர் பாகுஸ் தக், பாங்?" அதற்கு அவர் யோசிக்காமல் "வாங்க வாங்க, எந்த நாளும் நல்ல நாள்தான்" என்றால் இன்னொருவரைப் பாருங்கள். "சனி வேணாம், செவ்வாய் வாங்க" என்று வருகிற காசைத் தள்ளிவைக்கிறாரே, அவர் நம்பரை விட்டுவிடாதீர்கள், அவர்தான் உங்கள் ஆள்.

அப்புறம் மற்றதைக் கேளுங்கள். படகு கடல்துறையில் பதிவானதா, தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, சிறுவர் அளவில் இருக்கிறதா, உயிர் இறால் விலையில் அடங்குமா, மழை வந்து திரும்பினால் காசு எப்படி. சின்ன பைபர் படகில் தெக்கோங்கைச் சேர்க்காமல் மூன்று பேர் நல்ல கணக்கு. நாலாவது ஆள் ஏறினால் யாரோ ஒருவர் எப்போதும் அடுத்தவர் தூண்டில் நரம்போடு சிக்கியதை எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொரு கேள்வியும் கேட்டே ஆக வேண்டும்: நங்கூரத்தை எங்கே போடுவீர்கள்? புல்லுக்கு வெளியே மணலில் என்று சொல்பவர் மேட்டை அறிந்தவர்.

சாமானுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆறரை அல்லது ஏழடி ராட், 2500 அல்லது 3000 அளவு ரீல், 15 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் முழ நீளத்துக்கு இரண்டு மடங்கு 30 பவுண்டு தங்கூஸ் (நைலான் நரம்பு). இந்தத் தங்கூஸைச் சிக்கனம் பார்த்து மெல்லிதாகக் கட்டாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி வெட்டும், தலையை உதறுகிற ஒரே உதறலில் மெல்லிய நரம்பு போய்விடும்.

ஈயம் கட்டி அடியில் போடுகிற அப்பல்லோ என்கிற தூண்டில் கட்டு இங்கே வேலைக்கு ஆகாது. முள் புல்லுக்குள் இறங்கி இலையைச் சுற்றிக்கொள்ளும், இரை மீன் கண்ணிலேயே படாது. தக்கைதான் சரி. புல் எந்த உயரத்துக்கு நிற்கிறது என்று தெக்கோங்கிடம் கேட்டு, இறால் அதற்கு ஒரு சாண் மேலே தொங்குகிற மாதிரி தக்கையை நிறுத்தும் முடிச்சை வையுங்கள். தண்ணீர் ஏற ஏற முடிச்சையும் ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு மீன் இல்லை என்பவர்கள் ஏராளம்.

இறாலைக் குத்துவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வாளியிலிருந்து எடுத்ததும் இறுக்கிப் பிடிக்காமல், கையை ஈரமாக்கிக்கொண்டு, முதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வையுங்கள். தலையை வெளிச்சத்துக்குக் காட்டினால் ஓட்டுக்குள் கருமையாக ஒரு பொட்டு தெரியும். முள் அதைத் தொட்டால் இறால் அந்த நொடியே செத்துவிடும். பொட்டுக்கு முன்னால், தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புக்கு அடியில், ஓட்டை மட்டும் துளைத்துக்கொண்டு முள் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். விட்டதும் கால்களை அடித்துக்கொண்டு அது தானாகக் கீழே நீந்த முயலும், அந்தத் துடிப்புதான் கொடுவாவைக் கூப்பிடுகிறது. எறியும்போது சாட்டை மாதிரி வீசாமல் தூளி ஆட்டுகிற மாதிரி தாழ்வாக விடுங்கள், இல்லையென்றால் இறால் ஒரு பக்கம், முள் ஒரு பக்கம்.

வெளிநாட்டு வீடியோக்களில், பிளோரிடா மாதிரி இடங்களில், வழிகாட்டி படகின் பின்னால் மேடை மேல் நின்று நீளக் கழியால் தள்ளிக்கொண்டே, தெளிந்த தண்ணீரில் மீனைக் கண்ணால் பார்த்துக் காட்டுவார். நம் நீரிணை கலங்கல், மீன் தெரியாது. ஆனால் அடையாளம் இருக்கிறது. பொடி மடவை கூட்டமாகத் துள்ளுவது, நீர்ப்பரப்பில் ஓர் இடம் மட்டும் சுருக்கம் விழுந்து நிற்பது, தெளிவும் கலங்கலும் சந்திக்கும் கோடு, வற்றிய முதுகில் கொக்குகள் ஒரே பக்கம் பார்த்து நிற்பது. இவற்றைப் பார்த்ததும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆள் ஆழத்துக்கும் குறைவான தண்ணீரில் இன்ஜின் சத்தம் மீனை விரட்டிவிடும். மேல் ஓட்டத்தில் கொஞ்சம் தள்ளி நின்று, ஓட்டத்தோடு படகை மிதக்கவிட்டு விளிம்பை ஒட்டி வருவதுதான் நல்ல முறை. படகுக்குள் காலைத் தட்டுவது, டப்பாவை உருட்டுவது, இதெல்லாம்கூட வேண்டாம்.

தக்கை நடுங்கினால் அது இறாலின் பயம். இழுக்காதீர்கள். தக்கை முழுதாக முழுகினால்தான் மீன் வந்திருக்கிறது. வட்ட முள் போட்டிருந்தால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது, நரம்பு இறுகும் வரை சும்மா சுற்றுங்கள், முள் வாயோரத்தில் தானே மாட்டும். கொடுவா துள்ளும்போது ராடைத் தாழ்த்தி, நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருங்கள்.

கொடுவா கடிக்காத நாளும் உண்டு, அப்போது புல்லுக்கு நடுவில் இருக்கும் மணல் திட்டுகளில் கிழங்கான் பிடிக்கலாம். சின்ன முள், சின்ன ஈயம், பம்பூன் புழுவோ இறால் துண்டோ மாட்டி எறிந்து, மண்ணோடு மெதுவாக இழுத்து வாருங்கள். பிள்ளைகளோடு போனால் நான் இதில்தான் தொடங்கச் சொல்வேன், கடி அடிக்கடி கிடைக்கும், அவர்களுக்குச் சலிக்காது.

கையில் எடுக்கக் கூடாத மீன்களைத் தெரிந்துகொள்ளாமல் கடலுக்குப் போகாதீர்கள். செம்பிலாங் என்கிற விலாங்குக் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று விஷ முட்கள். ஓராவுக்கும் முள்ளில் விஷம் உண்டு, திருக்கைக்கு வாலில். பேத்தையை விளையாட்டுக்குக்கூடச் சமைக்க வேண்டாம், அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, சூட்டிலும் அழியாது. முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய இடத்தை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி இறங்கும். அதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் எடுத்துப் போங்கள், கூடவே பச்சைத் தண்ணீரும் இருக்கட்டும், கலந்து பதம் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. மேட்டில் இறங்கி நடக்க ஆசைப்பட்டால் புல்லின் மேல் நடக்காதீர்கள், மணலில் மட்டும், அதுவும் கெட்டியான செருப்போடு காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து. திருக்கை விலகிப் போய்விடும்.

வானத்தையும் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து புயற்காற்று வரிசையாக வரும், மேற்கே கருத்த சுவர் எழுந்தால் அடுத்த அரை மணியில் காற்றும் மின்னலும் தலைமேல். கையில் ராட் நிமிர்ந்திருக்கிற ஆள்தான் அந்தத் திறந்த வெளியில் உயரமான பொருள். வானிலைத் துறையின் மைசுவாச்சா ஆப்பில் எச்சரிக்கை வந்திருந்தால் போகாதீர்கள், பாதியில் வந்தால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்புங்கள். கப்பல் போகும் தடத்திலும் பாலத் தூண்களுக்கு அடியிலும் படகை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கொடி கட்டிய கழி மிதந்தால் அதன் கீழே யாரோ ஒருவரின் வலை அல்லது நண்டுக் கூடு இருக்கிறது, அவருக்கு அது அன்றைய சோறு.

எதை எடுத்துவருவது, எதை விடுவது? கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். கனத்துத் தெரிகிற பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய், அதைப் படகோரத்திலேயே ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, தானாக உதறிக்கொண்டு போகும் வரை தாங்கி நில்லுங்கள். உள்ளங்கை அளவுக் களவாவையும் விட்டுவிடுங்கள். நடுத்தரம் இரண்டு, குழம்புக்கு ஆயிற்று. இன்ஜின் விசிறி புல்லை வெட்டினால் அந்தத் தழும்பு ஆற வருடக்கணக்கில் ஆகும், அதனால் ஆழமில்லாத இடத்தில் இன்ஜினைத் தூக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அறுந்த நரம்பு ஒரு முழமானாலும் பைக்குள் வரட்டும். யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையமான செமாக்ஸ் இந்தப் புல்வெளியைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறது, பாதுகாப்புப் பகுதியாக்க வேண்டும் என்ற பேச்சும் பல வருடமாக இருக்கிறது. ஆகவே அன்றைய தேதிக்கு எங்கே தூண்டில் போடலாம் என்று கிளம்பும் முன் தெக்கோங்கிடமோ மீன்வளத் துறையிடமோ கேட்டுக்கொள்வது நல்லது.

எடுத்துவருகிற மீனை வெயிலில் வாளியில் போட்டு வைக்காதீர்கள். பிடித்ததும் செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, ஐஸோடு கொஞ்சம் கடல் தண்ணீர் கலந்த பெட்டியில் போடுங்கள், வெறும் ஐஸைவிட வேகமாகக் குளிரும். கிழங்கான் மிக மென்மையான மீன், அன்றைக்கே மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டிப் பொரித்துவிட வேண்டும். கரை இறங்கியதும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். தெக்கோங்குக்குப் பேசிய வெள்ளியைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை எந்த நாள் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி லீவு போடுங்கள்.