பென்சில் பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம்?

டபுள் ஏ, ட்ரிபிள் ஏ அளவுகளில் வரும் ரீசார்ஜபிள் செல்கள் பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம் என்று அட்டையில் போட்டிருக்கும். அதில் பாதிகூட வராமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை.

செல்லின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 1.2 வோல்ட் என்று இருந்தால் இந்தக் குறிப்பு அதற்குத்தான். 1.5 வோல்ட் அல்கலைன் செல்லைச் சார்ஜரில் வைக்கவே கூடாது. டபுள் ஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கிடைக்கிறது. அதற்குத் தனி சார்ஜர். இரண்டாவது எண் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி), அதாவது கொள்ளளவு: டபுள் ஏ-வில் 1900 முதல் 2500 வரை, ட்ரிபிள் ஏ-வில் 750 முதல் 1000 வரை. அடுத்து வரும் கணக்குக்கு இந்த எண்தான் வேண்டும்.

தானாக நிற்காத சாதாரண சார்ஜர் என்றால், கரண்ட் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காக இருக்கட்டும். நேரத்துக்கு, கொள்ளளவைக் கரண்டால் வகுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். 2000 எம்ஏஎச் செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் என்றால் 15 மணி நேரம். உள்ளே போவதெல்லாம் சேமிப்பாவதில்லை, அதனால்தான் அந்த ஒன்றரை. ‘இரவு போட்டு, ஞாபகம் வரும்போது எடுப்பது’ என்ற பழக்கம் இந்த சார்ஜருக்கு ஒத்துவராது. அலாரம் வைத்துவிடுங்கள்.

தானாக நிற்கும் சார்ஜரில் கணக்கு வேறு. செல் நிறைந்ததும் அதன் வோல்டேஜ் ஏறுவது நின்று, 5 முதல் 10 மில்லி வோல்ட் வரை சற்றே இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பிடித்துத்தான் பல சார்ஜர்கள் நிற்கின்றன. கரண்ட் குறைவாக இருந்தால் இறக்கம் மங்கிவிடும், சார்ஜர் அதைத் தவறவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று நினைத்து 2000 எம்ஏஎச் செல்லுக்கு 400 மில்லி ஆம்பியர் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொள்ளளவில் பாதி வையுங்கள்: 2000 எம்ஏஎச் டபுள் ஏ-வுக்கு 1000, 800 எம்ஏஎச் ட்ரிபிள் ஏ-வுக்கு 400. ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வோல்டேஜ் ஒரு அளவைத் தொட்டதும் நிற்கும் சார்ஜர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்காமல் போனால் என்ன கேடு? நிறைந்த செல்லில் மேற்கொண்டு கரண்ட் பாய்ந்தால் பாசிட்டிவ் தகட்டில் ஆக்சிஜன் உண்டாகும். நெகட்டிவ் தகடு அதை உறிஞ்சிக்கொள்ளும், அந்த வேலையில் சூடு கிளம்பும். உறிஞ்சும் வேகத்தைவிட வாயு அதிகமானால் அழுத்தம் ஏறி, பாசிட்டிவ் குமிழுக்கு அடியில் உள்ள வால்வு திறந்து ஈரப்பதம் வெளியேறும். போன ஈரம் திரும்பாது. குமிழைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதற்கு அடையாளம். அப்படி உலர்ந்த செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 1.3 வோல்ட் என்று ஆரோக்கியமாகவே காட்டும். ஃபிளாஷ் லைட்டில் போட்டதும் படுத்துவிடும். செல்லுக்குள்ளேயே கரண்டைத் தடுக்கும் உள்தடை ஏறிவிட்டது என்று அர்த்தம். அதனால் சுமை இல்லாமல், அதாவது எந்தக் கருவியையும் ஓட்டாமல், அளந்த வோல்டேஜை நம்ப வேண்டாம்.

சார்ஜ் முடியும் தறுவாயில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலால் பிடித்திருக்க முடியாத சூடு என்றால் உடனே எடுத்துவிடுங்கள். சுற்றுப்புறம் 0 டிகிரிக்குக் கீழேயோ 40 டிகிரி செல்சியஸுக்கு மேலேயோ இருக்கும்போது ஏற்ற வேண்டாம். சார்ஜர் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறதா? ஒரே ஒரு செல்லை மட்டும் வைத்துப் பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் அது ஜோடியாக ஏற்றும் ரகம். பாதி நிறைந்த ஒன்றும் காலியான ஒன்றும் சேர்ந்தால் முன்னது கொதிக்கும், பின்னது பட்டினி கிடக்கும்.

பயன்படுத்தும்போது நடக்கும் கொலையும் உண்டு. நான்கு செல் போடும் கருவியில் ஒன்று மட்டும் முதலில் காலியானால், மற்ற மூன்றும் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளி அதன் துருவத்தையே தலைகீழாக்கிவிடும். ஒருமுறை நடந்தாலே அந்த செல்லுக்குச் சேதம்தான். சேர்ந்து வாங்கியவற்றுக்கு அ, ஆ என்று மார்க்கரில் எழுதி, எப்போதும் சேர்த்தே போடுங்கள், சேர்த்தே ஏற்றுங்கள். பொம்மை, டார்ச் போன்றவை தாமாக அணையாது. வெளிச்சமோ வேகமோ குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு செல்லுக்கு 1.0 வோல்ட்தான் எல்லை.

சார்ஜர் ஒரு செல்லை ஏற்கவே மறுத்தால், முதலில் முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்போதும் மறுத்தால் வோல்டேஜ் மிகவும் இறங்கியிருக்கலாம். சாதாரண மெது சார்ஜரில் ஐந்து பத்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து ஏற்றி, பிறகு பழைய சார்ஜருக்கே மாற்றுங்கள். பல மாதம் கிடந்து சோர்ந்த செல்லுக்கு இன்னொரு வைத்தியம்: பத்தில் ஒரு பங்கு கரண்டில் 16 மணி நேரம் ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு கரண்டில் 1.0 வோல்ட் வரை இறக்குவது. இரண்டு மூன்று சுற்றில் தேறாவிட்டால் தேறாது. நல்ல செல்லுக்கு மாதாமாதம் இதைச் செய்வது ஆயுளைத் தின்பதுதான். முழுக்கக் காலியாகும் முன் ஏற்றினால் கொள்ளளவு குறையும் என்ற ‘மெமரி’ பயம் பெரும்பாலும் பழைய நிக்கல் காட்மியம் செல்களோடு வந்தது.

எடுத்துவைப்பதானால் சார்ஜ் ஏற்றியே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். 2005-இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த, சும்மா கிடக்கும்போது சார்ஜ் மெதுவாகவே குறையும் வகை ஒரு வருடத்துக்குப் பிறகும் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். பழைய வகை ஒரு மாதத்திலேயே கணிசமாக இழக்கும், ஆகவே கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அது வேண்டாம்.

கொள்ளளவு அறுபது சதவீதத்துக்குக் கீழே போனாலோ, மேலுறை குமிழ் ஓரத்தில் கிழிந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். செல்லின் உடல் முழுக்க நெகட்டிவ். கிழிசல் வழியாகக் குமிழோடு ஒரு உலோகத் துண்டு தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.