பிரிட்டனில் சளி இருமலுக்கு மருந்து வாங்குமுன்

பூட்ஸ், சூப்பர்டிரக், டெஸ்கோ என்று எந்தக் கடைக்குள் போனாலும் இருமலுக்கென்றே ஒரு தட்டு நிறையப் புட்டிகள் அடுக்கியிருக்கும். முன்பக்கப் பெயரைப் பார்த்து எடுத்தால் தப்பான மருந்தோடு வீடு திரும்ப வாய்ப்பு அதிகம். புட்டியின் பின்னால் ‘ஆக்டிவ் இன்கிரீடியன்ட்ஸ்’ என்று ஒரு சிறு பகுதி இருக்கும். அந்த இரண்டு மூன்று வரிதான் மருந்து, மீதியெல்லாம் விளம்பரம்.

சளியோடு வரும் இருமலை இங்கே ‘செஸ்ட்டி காஃப்’ அல்லது ‘மியூகஸ் காஃப்’ என்பார்கள், வறட்டு இருமலை ‘டிரை காஃப்’. முதலாவதற்கான மருந்தில் குவைஃபெனெசின் இருக்க வேண்டும். இரண்டாவதற்கானதில் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கும். ஒன்று சளியை இளக்கி வெளியே வர விடுகிறது, மற்றது இருமலையே அடக்குகிறது. நெஞ்சில் சளி கரகரவென்று இருக்கும்போது இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கும். பெனிலின் என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள். தூக்கம் வரவழைக்கும் டைஃபென்ஹைட்ரமின் சேர்ந்ததும் அதே பெயரில் வந்திருக்கிறது.

ஊரில் இருமலுக்குக் குடித்த பெனாட்ரிலை இங்கே தேடினால் அந்தப் பெயரில் கிடைப்பது ஒவ்வாமை மாத்திரை. உள்ளே இருக்கும் மருந்தும் வேறு. அதேபோல ஊரில் டாக்டர்கள் எழுதும் புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் சிரப்புகளும் இங்குள்ள தட்டுகளில் இருக்காது. (புரோம்ஹெக்சின், நம் ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டி ஆய்வகத்தில் உருவானது. பாட்டி கஷாயத்தில் காரணம் இல்லாமல் போடவில்லை.) கெட்டியான சளிக்கு இங்கே டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் கார்போசிஸ்டீன்.

குடிக்கும் அளவு

5 மி.லி.யில் 100 மி.கி. குவைஃபெனெசின் உள்ள சிரப், பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வழக்கமாக ஒரு வேளைக்கு 10 மி.லி., ஒரு நாளைக்கு நான்கு வேளை. உங்கள் புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. வீட்டுக் கரண்டியில் அளக்காதீர்கள். டீ கரண்டி என்று நாம் சொல்வது ஒரு வீட்டில் 3 மி.லி. பிடிக்கும், இன்னொரு வீட்டில் 7 மி.லி. புட்டியோடு வரும் மூடியோ 5 மி.லி. கரண்டியோ தொலைந்துவிட்டால் மருந்துக்கடையில் அளவு சிரிஞ்ச் கேளுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் குடிக்க வேண்டாம்.

இந்த மருந்து நேராகச் சளியில் போய்க் கரைவதில்லை. இரைப்பையின் உட்சுவரை லேசாக உறுத்த, அங்கிருந்து போகும் நரம்புச் செய்தியால் மூச்சுக்குழாய்ச் சுரப்பிகள் நீர்த்த சளியைச் சுரக்கும் என்பதே வழக்கமான விளக்கம். அளவு மீறினால் முதலில் குமட்டலும் வாந்தியும் வருவதற்கும் இதுதான் காரணம். நாள் முழுக்க வெந்நீர், ரசம், கஞ்சி என்று ஏதாவது குடித்துக்கொண்டிருங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு சளி இறுகும். இரவுக்கான வேளையைப் படுக்கைக்குப் போகும் நேரத்தில் குடிக்காமல் கொஞ்சம் முன்னால் குடித்தால், இளகிய சளியை உட்கார்ந்தபடி இருமித் துப்பிவிட்டுப் படுக்கலாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னால், குவைஃபெனெசினால் கிடைக்கும் பலன் சுமார்தான். சாதாரணச் சளி இருமல் மூன்று நான்கு வாரத்தில் தானாகவே அடங்கும். வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கச் சொல்லி இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸே பரிந்துரைக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம்.

கலவை மருந்துகள்

உண்மையான ஆபத்து குவைஃபெனெசினில் இல்லை, அதோடு சேர்ந்து வருபவற்றில் இருக்கிறது. லெம்சிப் மேக்ஸ் ஆல்-இன்-ஒன் கேப்சூல் ஒன்றில் 100 மி.கி. குவைஃபெனெசினோடு 500 மி.கி. பாரசிட்டமாலும் மூக்கடைப்புக்கான ஃபீனைலெஃப்ரினும் இருக்கின்றன. பீச்சம்ஸ் ஆல்-இன்-ஒன் சிரப்பிலும் இதே மூன்றுதான். ‘இது இருமலுக்கு’ என்று இதைக் குடித்துவிட்டு, ‘இது காய்ச்சலுக்கு’ என்று பனடோலையும் போட்டால் பாரசிட்டமால் இரண்டு மடங்காகிவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650 என்றால் ஆறோடு கணக்கு முடிந்தது. மிஞ்சினால் பாதிக்கப்படுவது கல்லீரல், அதுவும் முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாமலே. அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே என்.எச்.எஸ்.ஸின் மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு அழையுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் என்ற பெயர்களைக் கண்டால் புட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். செர்ட்ரலின், ஃபுளூஆக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மருந்தாளரைக் கேட்காமல் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டதைக் கேளுங்கள். மது தொடாதவர்கள் ‘எத்தனால்’ என்ற சொல்லையும், சைவர்கள் கேப்சூலில் ‘ஜெலட்டின்’ என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர்கள் ஆடாதோடைக் கஷாயத்தையும் தவிர்க்க வேண்டும், அது கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மையுடையது.

ராமிப்ரில், எனாலப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வாரக்கணக்கில் தொண்டை அரித்து வறட்டு இருமல் வந்தால் காரணம் அந்த மாத்திரையாகவே இருக்கலாம். எந்த சிரப்பும் அதற்குக் கேட்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உங்கள் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

பெட்டியில் வந்த சிரப்

ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த புட்டிகளையும் திருப்பிப் படியுங்கள். அஸ்கோரில் எல்.எஸ். போன்றவற்றில் குவைஃபெனெசினோடு லெவோசால்பியூட்டமால் என்ற மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்தும் உண்டு. ஆஸ்துமாவுக்கு நீல நிற இன்ஹேலர் வைத்திருப்பவர் இதையும் குடித்தால் ஒரே வகை மருந்து இரண்டு வழியில் உள்ளே போய், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கோடீன் கலந்த சிரப் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டாக்டர் கடிதம் இல்லாமல் கொண்டுவராதீர்கள். கோடீன் லிங்க்டஸ் என்ற இருமல் சிரப் இங்கும் 2024 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடையாது.

குழந்தைக்கென்று ஊரிலிருந்து சிரப் வரவழைக்கவே வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள், சோதித்த தொகுதியில் 48.6 சதவீதம் இருந்தது. நிறத்தையோ சுவையையோ வைத்து வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கேயும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு குவைஃபெனெசின், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் போன்றவை உள்ள இருமல், சளி மருந்துகளைக் கடையில் தர மாட்டார்கள். கடைக்காரர் மறுத்தால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள், விதி அப்படி. 6 முதல் 12 வயது வரை மருந்தாளரைக் கேட்டு, அதிகபட்சம் ஐந்து நாள். கால்பால் காய்ச்சலுக்கும் வலிக்கும்தான், இருமலுக்கு அல்ல.

கேட்கும் இடம்

சூப்பர்மார்க்கெட் தட்டைவிட மருந்தாளர் இருக்கும் கடையே நல்லது. காசு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். யாருக்கு, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இதுவரை என்ன சாப்பிட்டீர்கள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஐந்து கேள்வி கேட்பார். ஊர் மாத்திரைகளின் அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

மூச்சு விடவே முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ அவசர எண் 999ஐ அழையுங்கள். சளியில் ரத்தம், நெஞ்சு வலி, நடக்கும்போது மூச்சிரைப்பு என்றால் சிரப் வாங்கிக்கொண்டிருக்காமல் அன்றே ஜி.பி.யை அல்லது 111ஐ அழையுங்கள். மூன்று வாரத்தைத் தாண்டிய இருமலுக்கும், எடை குறைந்து இரவில் வியர்த்தால் அதற்கு முன்பேயும், ஜி.பி.யிடம் போக வேண்டும். விசாவுக்கு எடுத்த காசநோய்ப் பரிசோதனை அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். உடம்பில் உறங்கிக்கிடக்கும் கிருமி பிறகும் எழலாம். காசநோய் சிகிச்சை இங்கே எந்த விசாவில் இருப்பவருக்கும் இலவசம். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அழைத்தவுடன் ‘தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்’ என்று சொல்லிவிட்டு லைனிலேயே காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் கட்டணம் இல்லை.