3டிஎஸ்-ல் சீட் கோடு போடுவதற்கு முன்

லூமா (நிண்டெண்டோ தராத மாற்று சிஸ்டம் மென்பொருள்) போட்ட நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்க கேம் கருவி இருந்தால், கேமில் உயிர், காசு போன்றவற்றை மாற்றும் சீட் (cheat) கோடுக்கென்று தனி ஆப் வேண்டாம். எஸ்டி கார்டில் லூமா ஃபோல்டர், அதற்குள் டைட்டில்ஸ், அதற்குள் கேமின் 16 இலக்க டைட்டில் ஐடி (ஒவ்வொரு கேமுக்கும் உள்ள அடையாள எண்) பெயரில் ஒரு ஃபோல்டர், அதில் சீட்ஸ் (cheats.txt) என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். சதுர அடைப்புக்குள் சீட்டின் பெயர், அடுத்த வரியில் கோடு. கேம் ஓடும்போது எல், கீழ் அம்பு, செலக்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லூமாவுக்குள்ளேயே இருக்கும் ரோசலினா மெனு வரும், அங்கே ஆன் செய்துகொள்ளலாம்.

வேலை செய்யவில்லையா? அமெரிக்கப் பதிப்புக்கு எழுதிய கோடு ஐரோப்பியப் பதிப்பில் பெரும்பாலும் ஓடாது, மெமரி முகவரி மாறிவிடும், கேமுக்கு அப்டேட் போட்டிருந்தாலும் இதே சிக்கல்தான்.

அப்புறம், முதலில் செக்பாயின்ட் என்ற சேவ் பேக்கப் ஆப்பில் சேவ் ஃபைலை பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு தப்பான கோடால் மாதக்கணக்கில் ஆடிய சேவ் எனக்குப் போயிருக்கிறது.