கலப்பு பின்னத்தைப் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு மூட்டை குறைவது ஏன்?

கம்பம்மெட்டுக்கு மேலே 2¼ ஏக்கர் ஏலத்தோட்டம். ஏக்கருக்கு 1⅓ மூட்டை உரம் என்றால், ஜீப்பில் எத்தனை மூட்டை ஏற்ற வேண்டும்? முழு எண்ணை முழு எண்ணோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி 2 1/12 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ஏக்கருக்கு ஒரே மூட்டை போட்டாலே 2¼ ஆகிவிடும். விடை அதற்கும் கீழே போக வழியே இல்லை.

முதலில் இரண்டையும் தகா பின்னமாக்குங்கள், அதாவது மேல் எண் கீழ் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் பின்னமாக. முழு எண்ணைப் பகுதியால் (கீழ் எண்) பெருக்கித் தொகுதியை (மேல் எண்) கூட்ட வேண்டும், பகுதி மாறாது. 2×4+1=9, ஆகவே 9/4. 1×3+1=4, ஆகவே 4/3. இனி மேலே மேலோடு, கீழே கீழோடு: 36/12 = 3 மூட்டை.

முன் செய்த தவறில் விடுபட்டவை இரண்டு பெருக்கல்கள்: 2×⅓ = 2/3, ¼×1 = 1/4. இவற்றை 2 1/12-உடன் கூட்டினால் சரியாக 3 வரும். கலப்பு பின்னத்துக்குள் ஒரு கூட்டல் ஒளிந்திருக்கிறது. 2¼ என்பது 2+¼. அதனால் முதல் எண்ணின் ஒவ்வொரு துண்டும் இரண்டாம் எண்ணின் ஒவ்வொரு துண்டோடும் பெருக வேண்டும். இதைப் பிள்ளைக்கு ஒருமுறையாவது முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வில் மறந்துபோகும்.

பெருக்கும் முன்பே அடித்துச் சுருக்குவது நல்லது. 9/4 × 4/3-இல் மேலும் கீழும் உள்ள 4 போய்விடும், 9/3 மிஞ்சும். ஒரு தொகுதியையும் ஒரு பகுதியையும்தான் அடிக்கலாம். இரண்டு தொகுதிகளை அடிக்கக் கூடாது. தகா பின்னமாக்கும் முன்பும் அடிக்கக் கூடாது: 3⅖ × 5½-இல் இரண்டு 5-ஐயும் அடித்தால் கணக்கே கெட்டுவிடும். சரியான வழி 17/5 × 11/2 = 187/10 = 18 7/10.

பகுதிகளைச் சமமாக்கும் வேலை கூட்டலுக்கும் கழித்தலுக்கும்தான், இங்கே வேண்டாம். முழு எண் தனியாக வந்தால் கீழே 1 போடுங்கள்: 6 = 6/1. இல்லாவிட்டால் 6-ஐத் தொகுதி, பகுதி இரண்டிலும் பெருக்கிவிடுவார்கள்.

3½ ஏக்கரில் முக்கால் பங்கு குத்தகை என்றால் ¾ × 7/2 = 21/8 = 2⅝ ஏக்கர். கேரளத்தின் குமுளிப் பக்கமும் தமிழகத்தில் நம் பக்கமும் நிலத்தைச் சென்டில் பேசுவதால் சரிபார்ப்பது எளிது. ஒரு ஏக்கர் 100 சென்ட். 350 சென்ட்டில் முக்கால் 262½ சென்ட். 2⅝ ஏக்கரும் அதேதான்.