‘த்ரூ’ என்று கேட்டதும் பெட்டியைத் தூக்காதீர்கள்

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கமிருந்து லண்டனுக்கு வருகிறவர்களுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் எண், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். வந்த வாரமே ஜி.பி.யிடம், அதாவது நம் பகுதி டாக்டரிடம், பதிந்துவிடுங்கள், காய்ச்சல் வரட்டும் என்று இருக்காதீர்கள். சரி, நான் சொல்ல வந்தது வேறு: இங்கே பேச்சில் வரும் ஆங்கிலம் பற்றி.

மன்னார்குடி நண்பர் ஒருவர் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு பார்த்து, ஒரு வார வாடகையை ஹோல்டிங் டெபாசிட்டாக, அதாவது வீட்டை நமக்கென்று பிடித்துவைக்கும் முன்பணமாக, கட்டினார். அதற்கு மேல் கேட்க இங்கே சட்டத்தில் இடமில்லை. நம்மூரில் அட்வான்ஸ் கைமாறினால் வீடு நமதுதான் அல்லவா? ஏஜென்ட் போனில், “சாரி, இட்ஸ் ஃபாலன் த்ரூ” என்றார். நண்பர் காதில் ‘த்ரூ’ மட்டும் விழுந்தது. “தேங்க்யூ, தேங்க்யூ” என்று வைத்துவிட்டார். சனிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மனைவி, குழந்தை, பெட்டிகள், பால் காய்ச்சப் பாத்திரம் சகிதம் போய் நின்றால், கதவைத் திறந்தவர் யாரோ ஒரு அந்நியர்.

‘கோ த்ரூ’ என்றால் காரியம் முடிந்தது. ‘ஃபால் த்ரூ’ என்றால் காரியம் கெட்டது. “சாரி என்றதையாவது கவனித்திருக்கலாமே?” என்றேன். “இந்த ஊரில் இடித்தவனும் சாரி, இடிபட்டவனும் சாரி. அதை யார் கணக்கில் வைப்பது?” என்றார். அதுவும் நியாயம்தான். வீட்டுக்காரர் பின்வாங்கினால் 7 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தரவேண்டும், வந்தது. ஹோட்டலுக்கு அழுத காசு வரவில்லை.

எனக்கு எரிச்சல் நம்மூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் மேல்தான். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்றே காலத்தை ஓட்டுகிறார்கள். கேன்சல், போஸ்ட்போன், ரிஜெக்ட் எல்லாம் நமக்கு அத்துப்படி. இங்கே பேச்சில் வருவதோ கால் ஆஃப், புட் ஆஃப், டர்ன் டவுன். ஆங்கிலத்தைத் திட்டியும் பயனில்லை. நாமும்தான் விட்டுக்கொடுக்கிறோம், காட்டிக்கொடுக்கிறோம். வெள்ளைக்காரன் வந்து ‘எதைக் கொடுத்தாய்?’ என்றால் என்ன சொல்வது?

அப்புறம், தஞ்சாவூரில் படித்து 2018-ல் ‘பாஸ் அவுட்’ ஆனேன் என்று இன்டர்வியூவில் சொல்லாதீர்கள். மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள்.

போனில் புரியாவிட்டால், “சோ, இஸ் இட் எஸ் ஆர் நோ?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதையே ஈமெயிலிலும் அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்தான ஒப்பந்தமும் சாவியும் கைக்கு வரும்வரை பழைய அறையைக் காலி செய்யாதீர்கள்.