மழைக்கு முன் கூரை, பீலி, சிலாப்: கொழும்பு வீட்டுக்கான செய்முறை

கூரை வேலைக்குக் கொழும்பில் பெப்ரவரியும் மார்ச் முற்பாதியும்தான் தோதான காலம். அதன் பிறகு பின்னேர இடிமழை தொடங்கிவிடும். மே மாதம் தென்மேல் பருவமழையும் வந்துவிடும். பெப்ரவரி, மார்ச்சைத் தவறவிட்டவர்கள் ஒக்ரோபர் மழைக்கு முன் முடிக்கப் பாருங்கள்.

100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர் தண்ணீர். கொழும்பில் அவ்வளவும் ஒரே பின்னேரத்தில் கொட்டும். அது எந்த வழியாக இறங்குகிறது என்று பார்ப்பதே வேலையின் பாதி.

1. ஒழுக்கைக் கண்டுபிடியுங்கள்

சீலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அரிது. தண்ணீர் சலாகை வழியே ஓடி எங்கோ சொட்டும். ஒருவர் டோர்ச்சுடன் சீலிங்குக்கு மேலே பார்க்க, மற்றவர் ஏணியில் நின்று ஹோஸால் தண்ணீர் அடிக்க வேண்டும். கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி, ஓரிடத்தில் 10 நிமிடம் அடித்துவிட்டு மேலே நகருங்கள். உச்சியில் தொடங்கினால் எல்லா மூட்டும் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. கறைக்குப் பெயின்ற் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

2. ஷீட் கூரை

அஸ்பெஸ்டஸ் ஷீட்டின் மேல் நேரே கால் வைக்காதீர்கள், உடையும். ஆணி வரிசைக்குக் கீழேதான் மரம் இருக்கிறது. அந்த வரிசைகளில் தாங்கும்படி பலகை போட்டு அதில் நில்லுங்கள். உலர்ந்த ஷீட்டைத் துளைப்பது, தேய்ப்பது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பெரும்பாலும் ஒழுகுவது ஆணித்துளைதான். வெயிலில் ரப்பர் வொஷர் கல்லாகிவிடும். வொஷரை மாற்றினால் போதும். வெடிப்பில் சீமெந்து பூசுவது வீண்வேலை. ஷீட் சூட்டில் விரிந்து சுருங்க, சீமெந்து உதிர்ந்துவிடும். இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தார் பூசிய அலுமினிய டேப் ஒட்டுங்கள்.

3. பீலி

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலியில் அவசரப்பட வேண்டாம். இலைகளைக் கையால் அள்ளுங்கள். ஹோஸால் தள்ளினால் எல்லாம் இறக்கக் குழாயின் வளைவில் போய் அடைக்கும். பிறகு குழாய்க்கு எதிர்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காமல் ஓட வேண்டும். தேங்கினால் நூல் கட்டி, 10 அடிக்கு அரை அங்குலம் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பீலியைப் பிடித்திருக்கும் தாங்கிகள் 2 அடிக்கு ஒன்று இருக்க வேண்டும். தூரம் கூடினால் நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தேக்கத்தில் ஒரு வாரம், 10 நாளில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும்.

ரப்பர் சீல் உள்ள பிவிசி மூட்டில் பீலியை முட்டும்வரை தள்ளாதீர்கள். 4 மீற்றர் நீளம் மத்தியான வெயிலில் 7 மில்லிமீற்றரளவு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வளைந்து மூட்டைத் திறந்துவிடும். பழைய சிலிக்கனுக்கு மேல் புது சிலிக்கன் ஒட்டாது, முழுதும் சுரண்டி எடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடலோரம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியே வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதாரணத் திருகாணி துருப்பிடித்து, ஒரு கனமழையில் தாங்கியோடு கழன்று வரும்.

4. சிலாப்

தட்டையான கொங்கிறீற் கூரைதான் சிலாப். அதில் தண்ணீர் வெளியேறும் வாயைத் துணியால் அடைத்து 1 அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணித்தியாலம் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் வெடிப்பை வி வடிவில் வெட்டி அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு தடவை அடியுங்கள். முதல் தடவை நீளவாக்கில். அது காய்ந்தபின் குறுக்கே. ஈரச் சிலாப்பில் அடித்தால் வெயில் பட்டதும் கொப்பளிக்கும்.

5. கீழே

வடிகான் மூடியைத் தூக்கி மணலை அள்ளிவிடுங்கள். கடைசியாக, மின்கசிவு வந்தால் கறண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். கறண்ட் நிற்காவிட்டால் மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.